பேவர் பிளாக் மேல் சறுக்குமரம்: எதை எடுப்பது, எதை விடுவது?

#1 வேம்படி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் 64 வீடுகள். பிள்ளைகள் விளையாடும் இடம் 18 மீ. நீளம், 10 மீ. அகலம். அதில் இருப்பவை: இரும்புச் சறுக்குமரம் ஒன்று (மேல்தட்டு 2.1 மீ. உயரம்), இரண்டு ஊஞ்சல் மாட்டிய சட்டம் (மேல்குழாய் 2.4 மீ.), தள்ளிவிட்டு ஏறும் ராட்டினம் (குறுக்களவு 2 மீ.), தொங்கு ஏணி (கையால் கம்பி மாற்றி மாற்றித் தொங்கிப் போவது) ஒன்று. எல்லாமே கட்டடத்தோடு சேர்ந்து வந்தவை.

தரை முன்பு வெறும் மண். மழைக்குச் சேறாகிறது என்று மூன்று வருஷத்துக்கு முன் பேவர் பிளாக் பதித்து, மேலே பச்சைப் புல்விரிப்பு ஒட்டினார்கள். இப்போது சங்கத்தில் ஒரு தீர்மானம் வருகிறது: ராட்டினமும் சறுக்குமரமும் ஆபத்து, இரண்டையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு 1 மீ. உயர பிளாஸ்டிக் செட் ஒன்று வாங்கலாம். ஊஞ்சலும் தொங்கு ஏணியும் இருக்கட்டும். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஈரமணல்

சறுக்குமரத்தைப் பற்றிப் பேசும் முன் தரையைப் பேசுவோம். பேவர் பிளாக் என்பது சிமென்ட் கல். அதன் மேல் ஒட்டிய புல்விரிப்பு விழுகிற தலைக்கு எதுவும் செய்யாது, கண்ணுக்குத்தான் மெத்தை. 2.1 மீட்டரிலிருந்து மண்ணில் விழுவதற்கும் கல்லில் விழுவதற்கும் வித்தியாசம் என்னவென்றால், தலை எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான். மணலில் சில சென்டிமீட்டர் புதைந்து நிற்கும். கல்லில் அந்த இடைவெளியே கிடையாது; வேகம் முழுவதையும் மண்டையே வாங்கிக்கொள்ளும்.

இதை அளக்க எச்ஐசி என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். உலோகத் தலை மாதிரி ஒன்றை மேலிருந்து போட்டு, அது எவ்வளவு சட்டென்று நிற்கிறது என்பதைப் பதிவுசெய்வார்கள். எண் 1000-ஐத் தொடாதவரை அந்த உயரத்துக்கு அந்தத் தரை சரி என்று கணக்கு. ஐரோப்பாவின் ஈஎன் 1177, அமெரிக்காவின் எஃப்1292 என்ற தரவிதிகள் இரண்டும் இதைத்தான் கேட்கின்றன.

ஆக உங்கள் தீர்மானம் தலைகீழாக இருக்கிறது. உயரம் அப்படியேதான் இருந்தது, மாறியது தரை. கல் பதித்த நாளில் எல்லாச் சாமானும் ஆபத்தாகிவிட்டது, புதிதாக வாங்கப்போகிற பிளாஸ்டிக் செட்டும் சேர்த்துத்தான்.

#3 கணக்குப்பிள்ளை

ரப்பர் டைல் போட்டால் முடிந்ததே? 25 மி.மீ. டைல் கடையில் கிடைக்கிறது. பெருக்கலாம், கழுவலாம், பூனை வராது.

#4 ஈரமணல்

கணக்குப்பிள்ளை சார், 25 மி.மீ. டைல் ஜிம்முக்கு. டம்பெல் விழுந்தால் தரை உடையாமல் காக்கத்தான் அது. விளையாட்டு இடத்துக்கு விற்பவரிடம் தடிமனை விடுங்கள், ‘எத்தனை மீட்டர் வீழ்ச்சிக்குச் சோதித்தது, சான்றிதழ் எங்கே’ என்று கேளுங்கள். 2 மீட்டருக்கு மேல் தாங்குகிற ரப்பர் தரை கனமாக இருக்கும், விலையும் அப்படித்தான். இன்னொன்று: கறுப்பு, கருஞ்சிவப்பு ரப்பர் மே மாத மதியத்தில் வெறுங்காலைச் சுட்டுவிடும். நம் பிள்ளைகள் செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

மணலுக்கு வருகிறேன். இங்கே இரண்டு கணக்கு இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, 9 அங்குல மணல் 4 அடி வீழ்ச்சிக்குத்தான் போதும் என்கிறது. விளையாட்டுச் சாமானுக்கான ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 1176, 30 செ.மீ. மணலோடு சிதறலுக்கு இன்னொரு 10 செ.மீ. சேர்த்தால் 3 மீ. வரை ஒப்புக்கொள்கிறது. அந்த 10 செ.மீ. ஏன்? ஊஞ்சலுக்குக் கீழும் சறுக்கின் வாயிலும் பிள்ளைகள் கால் உரசி உரசி ஒரு வாரத்தில் குழி விழுந்துவிடும். அதிகம் விழுகிற இடத்தில்தான் மணல் குறைவாக இருக்கும். நான் சொல்வது 40 செ.மீ., குறைக்காதீர்கள்.

எந்த மணல் என்பது அதைவிட முக்கியம். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். உடைத்த கல், முனை முனையாக இருக்கும். கூடவே தூள் இருக்கும். இரண்டு மழை பெய்து வெயில் அடித்தால் இறுகித் தரை போட்ட மாதிரி ஆகிவிடும். கட்டடத்துக்கு அது நல்லது, இதற்கு அதே குணம்தான் கெடுதல். உருண்டையான, கழுவிய ஆற்று மணல் வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே வண்டல் படலம் தடிமனாக நின்றால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

அடியில் 15 செ.மீ. ஜல்லி, அதன் மேல் ஜியோ துணி (தண்ணீரை வடியவிட்டு, ஜல்லியையும் மணலையும் கலக்கவிடாத துணி), அதன் மேல் மணல். துணி இல்லாவிட்டால் ஒரு பருவமழைக்குள் ஜல்லி மேலே வந்துவிடும். தண்ணீர் வெளியேற ஒரு மூலையில் குழாயும் வைக்க வேண்டும். முன்பு சேறானதற்குக் காரணம் மண் இல்லை, வடிகால் இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

#5 கணக்குப்பிள்ளை

சரி, எத்தனை யூனிட்?

#6 பட்டறைச்சத்தம்

அதுக்கு முன்னாடி எது எங்க நிக்கணும்னு பார்க்கணும் அண்ணே. கணக்கு நான் போடுறேன்.

எல்லாரும் ஊஞ்சலை சாதுன்னு நெனைக்கிறாங்க. இடத்தை அதிகமா தின்கிறதே அதுதான். மேல்குழாய் எவ்வளவு உயரமோ அதுல ரெண்டு மடங்கு முன்னாடி, ரெண்டு மடங்கு பின்னாடி காலியா விடணும். உங்களோடது 2.4. அப்போ 4.8 + 4.8 = 9.6 மீ. சட்டம் 3 மீ. அகலம்னு வைங்க, ரெண்டு பக்கமும் 1.8 மீ. விட்டா 6.6 மீ. உங்க 10 மீ. அகலத்துல குறுக்கால போட்டா சரியா உக்காரும். 18-ல 6.6 போச்சு.

சறுக்கு: சராசரிச் சாய்வு 30 டிகிரி தாண்டக் கூடாது. 2.1 மீ. உயரத்துக்குப் படுக்கை நீளம் 3.6 மீ. வரும். தட்டு, ஏணி சேர்த்து 5.5. பின்னாடி 1.8, முன்னாடி வாயில 2.1 விடுங்க: 9.4. அதுவும் குறுக்கால உக்காரும். அகலம் 4.4. மீதி 7 மீ.

ராட்டினம் 2 மீ., சுத்தி 1.8: மொத்தம் 5.6. உக்காந்திருச்சு. மீதி 1.4 மீ. நீளம்.

தொங்கு ஏணிக்கு இடமே இல்லை. யாரும் குறை சொல்லாத சாமான்தான் வெளிய போகணும்!

மணல்: ஊஞ்சலுக்கு 63 ச.மீ., சறுக்குக்கு 41, ரெண்டுக்கும் 40 செ.மீ. ராட்டினம் தாழ்வானது, 25 ச.மீ.க்கு 20 செ.மீ. போதும். எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 47 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். கிட்டத்தட்ட 17 யூனிட் வரும் அண்ணே.

#7 கணக்குப்பிள்ளை

17 யூனிட் ஆற்று மணலா! வீடு கட்டுகிறவனுக்கே கிடைக்கவில்லை.

#8 எலும்புமூட்டு

தொங்கு ஏணி போவதில் எனக்கு வருத்தமில்லை. முழங்கைக்குச் சற்று மேலே உடைகிற முறிவு 5 முதல் 7 வயதுக்குள்தான் அதிகம். கை நழுவி, நீட்டிய கையை ஊன்றி விழும்போது வருவது. தொங்கு ஏணி அதற்குப் பேர்போனது.

ஈரமணல் சொன்னதில் ஒரு திருத்தம். எச்ஐசி தலைக்கான கணக்கு. கைக்கு இல்லை. சான்றிதழ் பெற்ற தரையிலும் கை உடையும். மணல் இருந்தால் உடையவே உடையாது என்று பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறிவு வந்ததும் மணலையும் எடுத்துவிடுவார்கள். தலைக்காயத்தைத் தடுக்கத்தான் தரை. கை முறிவைக் குறைக்க, கை நழுவி விழுகிற உயரத்தைக் குறைக்க வேண்டும்.

உடைந்தால் செய்ய வேண்டியதை எழுதி விளையாட்டு இடத்திலேயே மாட்டுங்கள்:

நீவக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, இழுத்து நேராக்கக் கூடாது. கை இருக்கிற கோணத்திலேயே மடித்த செய்தித்தாளோ அட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டவும். வளையல், மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும், தேவைப்பட்டால் வெட்டிவிடவும். வீக்கம் ஏறியபின் அந்தக் கயிறே ரத்தத்தை நிறுத்திவிடும். ஜூஸ், பிஸ்கட் எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். விரல் நுனி வெளுப்பது, சில்லிடுவது, மரத்துப்போவது, விரலை மெல்ல நீட்டினாலே பிள்ளை அலறுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. நாட்டுக்கட்டு இறுக்கமாகப் போட்டு இரண்டு நாள் கழித்து வந்தால், எலும்பு பிறகு கூடிவிடும், ஆனால் தசை செத்திருக்கும். கை மடங்கியபடியே நின்றுவிடும்.

இன்னொன்று, யாரும் நம்பமாட்டார்கள். சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்குவது, குழந்தை தனியாகச் சறுக்குவதைவிட மோசம். குழந்தையின் செருப்பு பக்கச் சுவரில் பிடித்துக்கொள்ளும். தனியாக வந்தால் அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தால் பெரியவரின் எடை முழுவதும் அந்தக் காலைத் திருகிக்கொண்டு கீழே போகும். முழங்காலுக்குக் கீழ் எலும்பு உடைவது இப்படித்தான். பாசத்தில் செய்வது, அதனால்தான் தடுக்கவும் முடிவதில்லை.

#9 வேம்படி

நன்றி டாக்டர். அந்தப் பட்டியலை அப்படியே அச்சடிக்கிறேன். ராட்டினம் பற்றி யாரும் முடிவாகச் சொல்லவில்லையே? சங்கத்தில் அதன் மேல்தான் கோபம்.

#10 பட்டறைச்சத்தம்

ராட்டினம் தட்டுக்கு அடியில இப்ப எவ்வளவு இடைவெளி இருக்கு? அளந்து சொல்லுங்க. அதுலதான் விஷயம்.

#11 வேம்படி

விளிம்பில் 10 செ.மீ.

#12 பட்டறைச்சத்தம்

அதான் கோபம். 10 செ.மீ.ல பிள்ளையோட பாதம் போகும், திரும்ப வராது. தட்டு சுத்திக்கிட்டிருக்கும். குறைஞ்சது 23 செ.மீ. வேணும், மணல் மட்டத்திலிருந்து. இல்லேன்னா தட்டையே தரை மட்டத்துக்கு இறக்கிடணும், ஓரத்துல சந்தே இல்லாம. நடுவுல நிக்கிறதுதான் ஆகாது.

உங்களோடதை உயர்த்துறது சுலபம். நடுத்தண்டுக்குக் கீழ இருக்கிற ஃபிளாஞ்சை (போல்ட் போட்ட வட்டத் தகடு) கழட்டி, 13 செ.மீ. உயரத்துக்குக் குழாய்த் துண்டு ஒண்ணு வெச்சுத் திரும்ப முடுக்கணும். அதே நேரத்துல பேரிங்கையும் பாருங்க: தட்டு விளிம்பைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா ஆட்டம் தெரியக் கூடாது. சுத்தும்போது மேல கீழ குதிக்கிற ராட்டினம்தான் கால் விரலை நசுக்கும்.

தட்டு முழு வட்டமா இருக்கணும். கம்பி மட்டும் வெச்சு நடுவுல ஓட்டை விட்ட பழைய மாடல்னா தகடு போட்டு மூடணும், 8 மி.மீ.க்கு மேல ஓட்டை இருக்கக் கூடாது. விளிம்புக்கு வெளிய கைப்பிடி நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது, ஓடி வர்ற பிள்ளை முகத்துல அடிக்கும்.

வேகம்: விளிம்புல வினாடிக்கு 4 மீட்டர்தான் உச்சம், அமெரிக்கக் கையேடு சொல்றது. 2 மீ. தட்டுக்கு அது நிமிஷத்துக்கு 38 சுத்து. ரெண்டு பெரிய பசங்களை முழு பலத்தோட தள்ளச் சொல்லி, அரை நிமிஷம் எண்ணுங்க. 19-க்கு மேல போனா பேரிங்குக்கு ஒரு உரசல் வளையம் போட்டுக் குறைக்கணும். அந்த வேகத்துலயே விளிம்புல நிக்கிறவனை அவன் எடைபோல ஒண்ணரை மடங்கு பலத்துல வெளிய இழுக்கும். அதுக்கு மேல எந்தப் பிஞ்சுக் கையும் தாங்காது.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. பழைய இரும்புக் கடைக்குப் போடுற சாமான் இல்லை அது.

#13 நொண்டிக்கட்டம்

இதுவரை எலும்பும் மணலும் பேசியாயிற்று. ராட்டினத்தை எடுத்தால் போவது என்ன என்பதையும் வாக்கெடுப்பில் வைக்க வேண்டும்.

நார்வேயின் ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் 2007-ல் பிள்ளைகளின் துணிகர ஆட்டத்தை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவி, நீர் நெருப்பு போன்ற ஆபத்தான சூழல், மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணிலிருந்து மறைவது. இதை நம் ஊர் ஆட்டங்களோடு பொருத்திப் பாருங்கள். உயரத்துக்கு மரக்குரங்கு. கருவிக்கு ஆணி வைத்த பம்பரமும் கில்லியும். கிணற்றுக் குதியல் நீருக்கு, சடுகுடு மல்லுக்கட்டுக்கு, கண்ணாமூச்சி மறைவுக்கு. யாரும் வகுப்பெடுக்காமலே இவையெல்லாம் தெருவில் இருந்தன. இப்போது 64 வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆறில் மிச்சமிருப்பது இரண்டே: சறுக்கின் உயரம், ராட்டினத்தின் வேகம். அந்த இரண்டையும்தான் தீர்மானத்தில் எழுதியிருக்கிறார்கள்.

1 மீ. பிளாஸ்டிக் செட் மூன்று வயதுக்குச் சரி. எட்டு வயதுப் பையன் என்ன செய்வான்? கூரை மேல் ஏறுவான். குழாய்ச் சறுக்கின் உள்ளே போகாமல் வெளிப்பக்கம் நடப்பான். சலிப்பு வந்தால் சாமானைத் தவறாகப் பயன்படுத்துவது பிள்ளைகளின் குணம். கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமே 2024-ல் வெளியில் துணிந்து விளையாட விடுங்கள் என்று அறிக்கை விட்டது. பிள்ளையால் பார்த்து எடைபோடக்கூடிய ஆபத்து ஒன்று, பார்க்கவே முடியாத ஆபத்து இன்னொன்று என்று அதில் பிரிக்கிறார்கள். சறுக்கின் உயரம் முதல் வகை: மேலே நின்று பார்த்துப் பயந்தால் இறங்கிவிடலாம். ராட்டினத்தின் அடியில் இருந்த 10 செ.மீ. சந்து இரண்டாம் வகை.

#14 எலும்புமூட்டு

கிணற்றுக் குதியலைப் பட்டியலில் இவ்வளவு ஆசையாகச் சேர்க்க வேண்டாம். அதில் போன பிள்ளைகள் ‘அந்தக் காலத்தில் நன்றாக விளையாடினோம்’ என்று எழுத இன்று இல்லை.

#15 நொண்டிக்கட்டம்

ஒப்புக்கொள்கிறேன். கிணற்றைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை; சறுக்கை விட்டுவைக்கச் சொல்கிறேன்.

வெளியூரிலும் இதே இழுபறிதான். கோபன்ஹேகனின் எம்ட்ரப்பில் 1943-ல், நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, பலகையும் ஆணியும் செங்கல்லும் கொடுத்துப் பிள்ளைகளையே கட்டவிட்ட இடம் ஒன்று திறந்தார்கள். தோட்டக் கட்டடக் கலைஞர் சோரன்சனின் யோசனை. போர் முடிந்ததும் அதைப் பார்த்த ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் மார்ஜரி ஆலன் லண்டனில் குண்டு விழுந்த மனைகளில் அதே மாதிரி இடங்கள் வர உழைத்தார். ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் எய்க் 1947-லிருந்து தெருமூலையிலும் காலி மனையிலும் மணற்குழி, குழாய் வளைவு, கல்திட்டு வைத்து 700-க்கும் மேற்பட்ட ஆடுகளங்கள் செய்தார். இன்று மிஞ்சியவை கொஞ்சம்தான். டோக்கியோவின் செடகயாவில் ஹனேகி பூங்கா 1979-லிருந்து நடக்கிறது: அங்கே பிள்ளைகள் நெருப்பு மூட்டலாம், ரம்பம் பிடிக்கலாம். அதன் வாசகம், சொந்தப் பொறுப்பில் தாராளமாக விளையாடு என்பது.

#16 கணக்குப்பிள்ளை

அதைத்தான் நானும் சொல்கிறேன். ‘காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு போர்டு வைத்துவிட்டால் போதுமே.

#17 நொண்டிக்கட்டம்

சார், ஹனேகியில் போர்டோடு சேர்த்து ஆளும் இருக்கிறார். விளையாட்டுத் துணையாளர்கள் அங்கேயே நின்று, நீட்டிய ஆணியைப் பிடுங்குகிறார்கள், உளுத்த பலகையைக் கழிக்கிறார்கள். பிள்ளைக்கு அவர்கள் விடுகிற பொறுப்பு வேறு, நீங்கள் கழற்றி வைக்கப் பார்க்கிற பொறுப்பு வேறு.

#18 ஈரமணல்

போர்டுக்குச் செலவழிப்பதை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குச் செலவழிக்கலாம். வாரம் ஒருநாள் காவலாளி மணலைக் கிளறி, கண்ணாடித் துண்டு, பூனை எச்சம் எடுத்து, ஊஞ்சலுக்குக் கீழ்க் குழியை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். மணலில் கொக்கிப்புழு வரும் என்ற பயம் நியாயமானதே. இரவில் மீன்வலை விரித்து மூடினால் பூனை நாய் வராது. பகலில் வெயில் படட்டும்.

#19 பட்டறைச்சத்தம்

கணக்குப்பிள்ளை அண்ணே, கை முறிஞ்சா கூடும். கூடாததைச் சொல்றேன். அமெரிக்காவுல 2001-லிருந்து 2008 வரைக்கும் இந்த மாதிரி சாமான்கள்ல பதிவான சாவு 40, அதுல 27 கழுத்து இறுகியோ மூச்சடைச்சோ. உயரத்திலிருந்து விழுந்து இல்லை. எல்லாரும் உயரத்தையே பார்த்துக்கிட்டு இருக்கோம்.

ரெண்டு சங்கதி. ஒண்ணு, சந்து. 89 மி.மீ.லிருந்து 229 மி.மீ. வரைக்கும் எந்தச் சந்தும் இருக்கக் கூடாது. ஏன்னா சின்னப் பிள்ளைக்கு உடம்பைவிடத் தலை பெருசு. காலை முதல்ல விட்டு நழுவுவான், இடுப்பு போகும், மார்பு போகும், தலை மாட்டிக்கும். கால் தரையைத் தொடாது. கழுத்துல தொங்குவான்.

சோதிக்க ஆயிரக்கணக்குல கருவி வேண்டாம். 12 மி.மீ. பிளைவுட்ல ரெண்டு துண்டு வெட்டுங்க. முதல் துண்டு 89 × 157 மி.மீ. நீள்சதுரம், அது உடம்பு. ரெண்டாவது 229 மி.மீ. வட்டம், அது தலை. ஒவ்வொரு கம்பிச் சந்துலயும் முதல் துண்டை நுழைச்சுப் பாருங்க. நுழையலேன்னா விட்டுடலாம். நுழைஞ்சா ரெண்டாவதை நுழைங்க. அதுவும் தாராளமாப் போனா சரி. முதல் துண்டு போயி வட்டம் போகலேன்னா அந்தச் சந்தை மூடாம பிள்ளைகளை ஏத்தாதீங்க.

ரெண்டாவது, கயிறு. ஸ்கூல் அடையாள அட்டைக் கயிறு, துப்பட்டா, தாயத்து, சைக்கிள் ஹெல்மெட்டோட நாடா, யாராவது சறுக்குக் கைப்பிடியில கட்டிவிட்ட ஸ்கிப்பிங் கயிறு. சறுக்கு மேல்தட்டுல ஒரு போல்ட் முனை துருத்திக்கிட்டிருந்தா போதும், கயிறு அதுல மாட்டும், பிள்ளை கீழ போவான். போல்ட் மரை நட்டுக்கு வெளிய ரெண்டு சுத்துக்கு மேல தெரியக் கூடாது. தெரிஞ்சா அறுத்து, அரம் போட்டு, குமிழ் நட்டு மாட்டுங்க.

ஊஞ்சல்லயும் பாருங்க. எஸ் கொக்கி வாய் 1 மி.மீ.க்கு மேல திறந்திருக்கக் கூடாது. சட்டை மாட்டும், சங்கிலியும் கழண்டுக்கும். சங்கிலிக் கண்ணி 8.6 மி.மீ.க்கு மேலன்னா விரல் சிக்கும், கைப்பிடிக்கிற உயரத்துக்கு ரப்பர் டியூப் போடுங்க. இரும்புத் தகடு, மரப்பலகை சீட்டெல்லாம் கழட்டிருங்க. காலியா ஆடுற பலகை குறுக்க ஓடுற பிள்ளை நெத்தியில அடிச்சா வெட்டிடும். பெல்ட் சீட்டு போடுங்க, மணல்லேர்ந்து 30 செ.மீ. மேல நிக்கணும். மணல் போட்டதும் தரை ஏறினா, மறந்துடாதீங்க, சங்கிலியைச் சுருக்கணும்.

#20 ஈரமணல்

சுற்றுப்புறத்தையும் சேருங்கள். 2017 நவம்பர் மழையில் கொடுங்கையூரில் மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். பூங்கா விளக்குக் கம்பத்துக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறதா, கம்பத்தின் அடியிலுள்ள மூடி திருகியிருக்கிறதா, சம்ப் மூடிக்குப் பூட்டு உண்டா என்று பாருங்கள். பேவர் பிளாக்கைப் பெயர்த்துத் தோண்டும்போது கீழே கேபிள் போகலாம். வரைபடம் இல்லாமல் கடப்பாரை போடாதீர்கள்.

நிழல் விஷயத்தில் வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். சறுக்கை வடக்கு பார்த்து வை, சூடாகாது என்பார்கள். அது அவர்கள் ஊருக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, ஆகஸ்ட் நடு வரை மதியத்தில் வடக்கே சாய்ந்து நிற்கும். கோடை விடுமுறை முழுக்க வடக்கு பார்த்த தகடுதான் காயும். திசையைத் திருப்பிப் பயனில்லை, நிழல்தான் வழி. புங்கன் வையுங்கள், வேம்பு வையுங்கள். முருங்கை கூடாது: கிளை சட்டென்று முறியும், கம்பளிப்பூச்சி வரும். ஓரத்தில் வேலிக்கு அரளியோ காட்டாமணக்கோ இருந்தால் பிடுங்குங்கள். காட்டாமணக்கு விதை கடலை மாதிரி ருசிக்கும், பிள்ளைகள் தின்று வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வருவது வழக்கமான கதை. மரம் வளரும் வரை நிழல்வலை. அதுவரை புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

பழைய எனாமல் பெயின்ட் உரிந்திருந்தால் உலர்வாகச் சுரண்டாதீர்கள், ஈயத் தூள் மணலில் இறங்கும். நனைத்துத் தேய்த்து, தூளை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சாமான் அதற்கு முந்தியது.

#21 நொண்டிக்கட்டம்

அந்த மிச்ச 1.4 மீ. துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. தொங்கு ஏணி போனால் கையால் பிடித்து ஏறுகிற ஆட்டமே இல்லாமல் போகும். சறுக்குமரத்தின் ஒரு பக்கத்தில் கயிற்று வலை மாட்டினால் அது ஈடாகும். கண்ணியை மேலே சொன்ன பிளைவுட்டால் சோதியுங்கள். மிச்ச நீளத்தில் விழுந்த மரத்தின் அடித்துண்டை, பட்டை உரித்து, தரையில் பாதி புதைத்துப் போடலாம். நடக்க, குதிக்க, உட்கார.

உட்கார என்பதையும் சும்மா எழுதவில்லை. வியன்னாவில் தொண்ணூறுகளில் கவனித்தார்கள்: ஒன்பது வயது தாண்டினால் பெண் பிள்ளைகள் பூங்காவிலிருந்து காணாமல் போகிறார்கள். ஒரே பெரிய பந்துக்களமாக இருந்ததைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஐன்சீட்லர் பூங்காவில் களத்தைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்து, உட்காரும் இடம் வைத்தபோது பெண் பிள்ளைகள் திரும்பினார்கள். உங்கள் 64 வீட்டில் பத்து வயதுப் பெண் பிள்ளைகள் மாலையில் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

டயர் புதைக்கிற யோசனை வந்தால் யோசித்துச் செய்யுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு. அடியில் ஓட்டை போட்டு உள்ளே மண் நிரப்பாத டயர் வேண்டாம். கம்பி வெளியே வந்த ரேடியலும் வேண்டாம்.

#22 வேம்படி

பிளைவுட் இரண்டும் வெட்டி இன்று காலை எல்லாவற்றையும் சோதித்தேன். சறுக்குமர மேல்தட்டுக் கம்பி வேலியில் சந்து 142 மி.மீ. சின்னத் துண்டு நுழைந்தது, வட்டம் நிற்கிறது. மொத்தம் ஒன்பது சந்து, ஒன்பதும் அப்படியே. இத்தனை வருஷமும் யாரும் அதைப் பார்க்கவில்லை. எஸ் கொக்கி நான்கில் மூன்று வாய் திறந்திருக்கிறது. ராட்டினம் அரை நிமிஷத்தில் 23 சுற்று.

பத்து வயதுப் பெண் பிள்ளைகள் மாடிப்படியில் இருக்கிறார்கள்.

#23 பட்டறைச்சத்தம்

142-க்கு நடுவுல 20 மி.மீ. கம்பி ஒண்ணு நிமிர்த்திப் பற்றவைங்க. ரெண்டு பக்கமும் 61 மி.மீ. ஆயிடும், 89-க்குக் கீழ வந்துரும். குறுக்குக் கம்பி போடாதீங்க, பிள்ளைகளுக்கு ஏணிப்படி ஆயிடும். வெல்டிங் பிசிறு ஒட்டியிருந்தா அரைச்சு எடுக்கணும், கையைக் கிழிக்கும். இது முடியுற வரைக்கும் ஏணியோட கீழ் மூணு படிக்குப் பலகை வெச்சு போல்ட் போட்டு மூடிருங்க. கயிறு கட்டித் தடுக்காதீங்க. ராட்டினத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டாதீங்க, பூட்டினாலும் ஏறி நின்னு ஆட்டுவாங்க. தட்டைக் கழட்டி ஷெட்டுக்குள்ள சாத்தி வைங்க.

#24 கணக்குப்பிள்ளை

பிளாஸ்டிக் செட்டுக்கு வாங்கிய விலைப்பட்டியலை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். மணல், ஜல்லி, பட்டறை வேலை மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்டு அதன் பக்கத்தில் வைக்கிறேன். மணலுக்கு அரசு ரசீது உள்ள லோடு மட்டும். ஒரு சந்தேகம்: எங்கள் கேட் 3 மீட்டர்தான், டிப்பர் உள்ளே திரும்பாது. 17 யூனிட்டையும் வாசலில் கொட்டினால் எத்தனை நாள் தெருவில் கிடக்கும்?

#25 ஈரமணல்

ஒரே நாளில் வரவழைக்காதீர்கள். ராட்டினத்துக்கு முதலில் 2 யூனிட், அது போட்டு முடிந்தபின் சறுக்குக்கு 6, கடைசியாக ஊஞ்சலுக்கு 9, அதையும் இரண்டு மூன்று லோடாகப் பிரித்து. சின்ன வண்டியில் மாற்றி உள்ளே கொண்டுபோகலாம். கொட்டின மணல் மேல் இரவு தார்ப்பாய் போடுங்கள், பகலில் பெயர்த்த பேவர் பிளாக்கை ஓரத்தில் அடுக்கி வையுங்கள், மழைநீர் அடித்துக்கொண்டு போகாது. பிள்ளைகள் அந்தக் குவியலில் ஏறி விளையாடத்தான் செய்வார்கள். விட்டுவிடுங்கள், கம்பியும் செங்கல்லும் மட்டும் அதில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.